இடம் கிடைத்த பின்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் அக்காமாரைப் பார்த்து ஊரார் கேட்பவை இரண்டே கேள்விகள். முதலாவது, "எத்தனை மார்க்கு?" இரண்டாவது, "இடம் கிடைத்ததா?" இவ்விரண்டிற்கும் விடை கிடைத்துவிட்டால் ஊர் அமைதியடைந்துவிடும். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு என்பதை எவரும் நினைப்பதில்லை. "கிடைத்த இடத்திற்கு நீ என்ன பதில் சொன்னாய்?" என்பதே அது. இடம் கிடைப்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்வது வேறொன்று. சென்ற ஜூலை மாதத்தில் மாலைச் சிறப்பு வகுப்பிற்காக அமர்ந்திருந்த எங்களுக்கு இது தெரியவந்த வகையைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் அன்னையருள் சிலர் பள்ளிப் படிப்பை முடித்த காலம் 1997-ஐ ஒட்டியது. அந்த ஆண்டில்தான் நம் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளர முறைக் கலந்தாய்வு தொடங்கியது. அதற்காக நாஞ்சில் நாட்டிலிருந்து ஓர் இரவு முழுவதும் இரயிலில் பயணம் செய்து, சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சென்று இறங்க வேண்டும். எங்கள் கணித ஆசிரியை தம் தம்பிக்குத் துணையாக அங்கே சென்றவர். பெரிய கூடத்தில் திரைகள் வைத்திருப்பார்களாம். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் எத்தனை இடம் மீதம் உள்ளது என்று அதில் எண்கள் ஓடிக்கொண்டிருக்குமாம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 3 என்பது 2 ஆகும். 2 என்பது 1 ஆகும். "கோயில் கொடைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிப்பதுபோல் இருந்தது" என்றார் ஆசிரியை. உள்ளே அழைத்ததும் கணினியின் முன் அமர்ந்து சில நிமிடங்களில் முடிவைச் சொல்லிவிட வேண்டும். இரவெல்லாம் உறங்காத தந்தையும் பிள்ளையும் அந்தச் சில நிமிடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம்.

நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. 2018 முதல் கலந்தாய்வும் இணையவழிக்கு வந்துவிட்டது. இப்போது இரயிலும் இல்லை, திரையும் இல்லை. கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் 50, 50-க்கும் சுருக்கி மொத்தம் 200-க்குக் கட்டாஃப் போடுகிறார்கள். மதிப்பெண் எல்லா வகையிலும் சமமாக இருந்தால் கடைசியில் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண்ணைப் பார்த்து முன்பின் வைக்கிறார்கள். (பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில் குலுக்கல் சீட்டா என்று எங்களுள் ஒருத்தி கோபித்துக்கொண்டாள். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைச் சீட்டுக் குலுக்கித்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்று மறைக்கல்வி சிஸ்டர் கேட்டதும் அடங்கிவிட்டாள்.) பிறகு மாணவியர் தாம் விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். அந்த வரிசையிலிருந்து ஓர் இடம் தற்காலிகமாக ஒதுக்கப்படும். இங்கேதான் விஷயம் தொடங்குகிறது. ஒதுக்கீட்டுக்குக் கீழே ஐந்து விடைகள் கொடுத்து, அவற்றுள் ஒன்றை இரண்டு நாளுக்குள் சொல்லச் சொல்கிறார்கள்.

ஏற்கிறேன், சேர்கிறேன். ஏற்கிறேன், ஆனால் இதற்கு மேலே நான் கேட்டிருந்த இடம் காலியானால் அதற்குப் போவேன். இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் போதும். இது வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன். இது வேண்டாம், கலந்தாய்விலிருந்தே விலகிக்கொள்கிறேன். இவையே அந்த ஐந்து. பேசாமல் இருந்துவிட்டால் இடம் கைநழுவிப் போகும். கணினி அறை எங்கள் வகுப்பிற்கு அடுத்த அறை. வீட்டில் கணினி இல்லாத அக்காமார் பலர் அங்கு வந்து சிஸ்டரின் உதவியோடு பதிந்தார்கள். ஆகவே இந்த ஐந்து விடைகளையும் நாங்கள் வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்துவிட்டோம் என்றால் மிகையாகாது.

இவற்றுள் எங்களை அதிகம் குழப்பியது இரண்டாவது விடை. ஏற்றுக்கொண்ட பிறகும் மேலே பார்ப்பது பேராசை அல்லவா என்று எங்களுள் பாதிப் பேர் வாதிட்டோம். கணித ஆசிரியை கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். முன் இருக்கையில் உள்ளவர் ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் அடுத்தவர் முன்னே நகர்வார். அவர் விட்ட இருக்கைக்கு வேறொருவர் வருவார். கடைசியில் நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டிக்கு உட்கார இடம் கிடைக்கும். நகர்ந்தவர் பழைய இருக்கையையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. "நகர்வது பேராசையன்று. இறங்கிவிட்ட பிறகும் இருக்கையில் துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான் வேறு பெயர் இருக்கிறது" என்றார். மருத்துவக் கலந்தாய்வு பல ஆண்டுகளில் பொறியியலுக்குப் பின்னால் வருகிறது. அதனால் பொறியியலில் சேர்ந்து, பின்பு மருத்துவம் கிடைத்துப் போய்விடுகிறவர்களின் இடங்கள் நான்கு ஆண்டுகளும் வெறுமையாகக் கிடப்பது உண்டு என்றும் அவர் சொன்னார். அந்த வெற்று நாற்காலியை நினைத்து எங்களுக்கு வருத்தமாகவே இருந்தது.

இனி எங்கள் அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். தந்தையார் ஆழ்கடல் விசைப்படகில் தொழில் செய்பவர். புறப்பட்டால் கரை திரும்ப வாரக் கணக்காகும். இவர்கள் வீட்டில் இதுவரை எவரும் பட்டப்படிப்பு படித்ததில்லை. அக்காவுக்கு ஜூன் மாதத்திலேயே நகரில் உள்ள ஒரு மகளிர் கல்லூரியில் இளம் அறிவியல் கணிதத்தில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டார். கட்டணமும் கட்டியாயிற்று, மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் கொடுத்தாயிற்று. அந்த இடத்தைச் சிறியது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி 1923-லும், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் 1947-லும் தொடங்கியது பெண்பிள்ளைகளுக்குப் பட்டம் எட்டாக்கனியாக இருக்கக்கூடாது என்பதற்காகவே அல்லவா? அக்கா மகிழ்ச்சியாகவே கல்லூரிக்குப் போய்வந்தார். அப்போதுதான் கலந்தாய்வின் ஒதுக்கீடு வந்தது. மதுரையையும் தாண்டிய ஊரில், மின்னியல் பொறியியல். அவர் கேட்ட வரிசையில் நான்காவது விருப்பம்.

இரண்டு நாள் அவகாசம். தந்தையோ கடலில். புறப்பட்டுப் பதினாறு நாளாகியிருந்தது. கரையிலிருந்து எழுப்பும் தொலைபேசி அத்தனை தூரத்தில் எடுக்காது.

ஊரில் ஆளுக்கொரு சொல். தூரத்தில் பெண்பிள்ளையை எப்படி விடுவது என்றவர்கள் ஒருபுறம். கையில் உள்ளதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கலாமா என்றவர்கள் ஒருபுறம். இவற்றை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். எதிர்பாராதது ஒன்று உண்டு. 2010-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று ஒரு சலுகை இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருபவர் கலந்தாய்வின் வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அந்தச் சான்றிதழை இவளுக்குச் செலவு பண்ணாதே, தம்பிக்கு வைத்திரு. இவள் எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அந்தத் தம்பி அப்போது ஏழாம் வகுப்பு. கால்பந்து தவிர வேறெந்தத் தொழிற்படிப்பையும் பற்றி அவன் சிந்தித்ததாகத் தெரியவில்லை. இதைக் கேட்ட அன்று எங்கள் வகுப்பில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. எங்களுள் பலருக்குத் தம்பிமார் இருக்கிறார்கள்.

வேறு உதவிகளையும் சிஸ்டர் எடுத்துப் பார்த்தார். பொறியியலில் 2021 முதல் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அது அக்காவுக்குப் பொருந்தாது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது; 2024-25 கல்வியாண்டு முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்திருக்கிறது. அது இரண்டு படிப்பிற்கும் உண்டு. ஆக, கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் அந்த ஒரு சான்றிதழில் வந்து நின்றது.

அந்த வாரத்தில் நூலக வகுப்பில் திருமதி லலிதாவைப் பற்றி ஒரு பழைய கட்டுரையை எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள். தற்செயலா, சிஸ்டர் வேண்டுமென்றே செய்ததா என்று அறியோம். 1919-இல் பிறந்த லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். அது எங்கள் வயது. பதினெட்டு வயதில், கையில் சில மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். மகள் அங்கே படிக்க விரும்பியபோது விண்ணப்பத்திற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் விழித்தது கல்லூரிதான்! அதுவரை அங்கே ஆண்கள் மட்டுமே படித்தார்கள். முதல்வர் கே. சி. சாக்கோவிடமும், பொதுக்கல்வி இயக்குநரிடமும் தந்தை பேசி ஒப்புதல் பெற்று, 1940-இல் லலிதா சேர்ந்தார். பின்னாலேயே லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவரும் கட்டடப் பொறியியலுக்கு வந்தார்கள். மூவரும் படிப்பை முடித்தபோது சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சிடப்பட்டிருந்ததாம். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டிற்குச் சென்றுவந்தார். மின்னியல் என்ற சொல் வந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இங்கிலாந்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய நம் ஆங்கில சிஸ்டர் அவ்வூர் வழக்கத்தைச் சொன்னார். அங்கே ஒரு மாணவி ஐந்து இடங்கள் வரை விண்ணப்பிக்கலாமாம். அழைப்புகள் எல்லாம் வந்தபின் ஒன்றை உறுதி என்றும், இன்னொன்றைக் காப்பீடு என்றும் வைத்துக்கொண்டு மீதியை மறுத்துவிட வேண்டுமாம். மதிப்பெண் குறைந்து உறுதி தவறினால் காப்பீடு கைகொடுக்கும். நம் ஊரில் காப்பீடு என்றால் படகுக்கும் உயிருக்கும்தான் என்று நினைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் பிற்பகல் அக்கா அம்மாவோடு பள்ளிக்கு வந்தார். ஏலக்கூடத்திலிருந்து நேராக வந்தவர்போல் அம்மாவின் சேலையில் மீன் நாற்றம் இருந்தது. அதற்காக அவர் கதவருகிலேயே நின்றார். மதர் எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா வீட்டில் எதைக் கேட்டாலும் "அப்பா வரட்டும்" என்றே சொல்பவர் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். சிஸ்டர் ஐந்து விடைகளையும் தமிழில் நிதானமாக விளக்கினார். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்னைக்கு ஒண்ணும் சொல்லாம அவங்க அப்பா வந்த பெறவு சொன்னா ஆகாதா சிஸ்டர்?" ஆகாது என்று சிஸ்டர் சொன்னார். சிறிது நேரம் கழித்து அம்மா மகளைப் பார்த்து, "நீ போடு மக்களே. அப்பா கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். சர்டிபிகேட்டு ஆருக்கு மொதல்ல வேணுமோ அவளுக்குத்தான். அவன் படிச்சு வரட்டும், அப்பம் பாப்போம்" என்றார்.

அக்கா இரண்டாவது விடையைப் போட்டார். ஏற்றுக்கொண்டு மேலே பார்ப்பது. மையத்தில் கட்டணம் கட்டிக் காத்திருந்தார். எதுவும் நகரவில்லை. ஏற்ற இடமே நிலைத்தது. அதில் சேர்ந்துவிட்டார்.

கதை இத்துடன் முடிந்துவிடும் என்று எண்ணினோம். ஆனால் முதலில் ஏற்றுக்கொண்ட இடத்திற்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? மகளிர் கல்லூரிக்கு அன்று மாலையே விலகல் கடிதம் எழுத வேண்டும் என்று சிஸ்டர் வற்புறுத்தினார். "அங்கே காத்திருப்போர் பட்டியலில் ஒரு பிள்ளை இருக்கிறாள். நீ ஒரு நாள் தாமதித்தால் அவள் ஒரு நாள் அழுவாள்" என்றார். அன்று மாலை செபமாலையில் ஒரு பத்து மணியை அந்தப் பிள்ளைக்காக ஒப்புக்கொடுத்தோம். பெயர் தெரியாமல் எப்படி வேண்டுவது என்று ஒருத்தி கேட்டதற்கு, "பெயர் ஆண்டவருக்குத் தெரியும், நீ ஆரம்பி" என்று பதில் வந்தது.

கடிதத்தைக் கொண்டுபோன அக்காவிடம் அலுவலகத்தில் இருந்தவர் சான்றிதழ்களைத் தர இயலாது என்றும், மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அக்கா அழுதுகொண்டே திரும்பிவந்தார். இவ்விடத்தில் தோழியரும் பெற்றோரும் சற்றுக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதன்படி, சேர்க்கும்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக்கூடாது. கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத்தொகை. 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80. அதன்பின் 30 நாள் வரை 50. அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. நாள் தள்ளத் தள்ளப் பணம் குறைகிறது என்பதை இதிலிருந்து அறியலாம். சிஸ்டர் அந்த அறிவிக்கையைப் படியெடுத்துக் கொடுத்து, கூடவே ஓர் ஆசிரியையையும் அனுப்பினார். இரண்டாம் முறை போனபோது பெரிய பேச்சு எதுவும் இல்லை. சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணமும் பின்னர் வந்தது. முதல் முறை தனியாகப் போய் அழுதுவிட்டுத் திரும்பியவர்களுள் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை போகத் துணை கிடைத்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்தக் கடிதம் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடத்தையும் கொண்டுவந்தது. தமிழம்மா கரும்பலகையில், "கிடைத்த இடத்தை வேண்டாம் என்று கல்லூரி முதல்வருக்கு எழுதுக" என்று எழுதிப்போட்டார். எளிது என்று எண்ணித் தொடங்கினோம். பேனா நகரவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்களுக்குப் பரிசு பெற்ற தோழியை வாழ்த்தி எழுதத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதத் தெரியும். உணவு விடுதியில் உணவு சரியில்லை என்று ஆணையருக்கு முறையிடவும் தெரியும். அதை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! ஆனால் நன்மை செய்ய முன்வந்த ஒருவரிடம் மரியாதையோடு வேண்டாம் என்று சொல்ல எந்தக் கடிதப் பயிற்சியிலும் கற்றதில்லை. ஒருத்தி தன் தாய்க்கு உடல்நலமில்லை என்று காரணம் படைத்தாள். ஒருத்தி மூன்று பக்கத்திற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாள். இன்னொருத்தி, "இக்கல்லூரி எனக்குத் தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்து, கீழே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்று கையொப்பமிட்டிருந்தாள். தமிழம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முடிவில் எல்லோரும் சேர்ந்து எழுதியது இது:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கல்லூரியில் இளம் அறிவியல் கணிதப் பிரிவில் எனக்கு இடம் அளித்தமைக்கு நன்றி. எனக்கு வேறு படிப்பில் இடம் கிடைத்து, அதனை ஏற்றுக்கொண்டுள்ளேன். ஆகவே இன்று முதல் இவ்விடத்தை விட்டுக்கொடுக்கிறேன். காத்திருக்கும் மாணவிக்கு இதனை விரைவில் வழங்குமாறு வேண்டுகிறேன். என் மூலச் சான்றிதழ்களையும், விதிப்படி திரும்பப் பெறவேண்டிய கட்டணத்தையும் வழங்கிட அன்புடன் கோருகிறேன்."

பொய்க் காரணம் எதுவும் இல்லை. தேவையற்ற மன்னிப்பும் இல்லை. இன்னும் நான்கு மாதத்தில் எங்களுக்கும் பொதுத்தேர்வு. மேல்நிலை முதலாம் ஆண்டிற்கு ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிகளில் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் எங்களுள் இருக்கிறார்கள். நாங்கள் எழுதிய கடிதத்தின் படி ஒவ்வொருத்தியின் கட்டுரை ஏட்டிலும் இருக்கிறது.

படகு கரைக்கு வர மேலும் ஒன்பது நாளாயிற்று. அதற்குள் அக்கா பெட்டி கட்டிப் புதிய ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். துறைமுகத்திற்கு அம்மாதான் போனார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாராம். தந்தையார் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு கேட்டாராம்: "பிள்ளைக்க சர்டிபிகேட்டெல்லாம் பத்திரமா வாங்கியாச்சா?"